காயத்திலிருந்து பேசிய தலைவர்

வெறுப்பின் காரணமாக ஒருவர் கொல்லப்படுகிறார். செய்தி பரவும் முன்னே வதந்தி பரவிவிடுகிறது. தெருவில் மக்கள் கூடுகின்றனர். அந்த வேளையில் ஒலிபெருக்கியின் முன் வந்து நிற்கும் தலைவர் என்ன பேசப் போகிறார் என்பதில் பல உயிர்கள் அடங்கியிருக்கின்றன. அவர் எரிகிற தீயில் எண்ணெயும் ஊற்றலாம், தண்ணீரும் ஊற்றலாம். நமக்கென்ன என்று மௌனமாகவும் இருந்துவிடலாம். திருவள்ளுவர் பொருட்பாலின் அமைச்சியலில் சொல்வன்மைக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கி வைத்தது சும்மா அல்ல. நாட்டை ஆள்பவனின் நாவிலிருந்து நன்மையும் பிறக்கும், கேடும் பிறக்கும் என்பதை அப்பெருந்தகை அன்றே உணர்ந்திருந்தார்.

இவ்வகையில் உலக வரலாற்றில் மறக்க முடியாத ஓர் இரவு 1968 ஏப்ரல் 4. அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில், ஒரு லோரியின் மேல் ஏறி நின்று, கையில் எழுதிய உரை எதுவுமின்றி ஏறக்குறைய ஆறு நிமிடங்கள் பேசினார் ஒருவர். அவர்தான் ராபர்ட் பிரான்சிஸ் கென்னடி. அந்த ஆறு நிமிடங்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். ஆனால், அந்த ஆறு நிமிடங்களுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். ஏனெனில், ராபர்ட் கென்னடி பிறக்கும்போதே சமாதானத் தூதராகப் பிறந்தவர் அல்லர்.

இளமைக் காலம்

ராபர்ட் கென்னடி 1925 நவம்பர் 20-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்ளைன் என்னும் ஊரில் பிறந்தார். ஜோசப் கென்னடி, ரோஸ் தம்பதியரின் ஒன்பது பிள்ளைகளில் இவர் ஏழாமவர். குடும்பம் அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்க மரபைச் சேர்ந்தது. தந்தை பெரும் செல்வந்தர். 1938 முதல் 1940 வரை பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதராகப் பணியாற்றியவர். வறுமை என்றால் என்னவென்றே அறியாத வீடு அது. ஆனால், சாவு என்றால் என்னவென்று அந்த வீடு விரைவிலேயே அறிந்துகொண்டது. மூத்த அண்ணன் ஜோசப் 1944-இல் போர் விமானப் பணியில் உயிரிழந்தார். அவருடைய பெயர் சூட்டப்பட்ட போர்க்கப்பலில் ராபர்ட் 1946-இல் சாதாரணக் கடற்படை வீரராகச் சில மாதங்கள் பணிபுரிந்தார். 1948-இல் அக்காள் கேத்லீனும் விமான விபத்தில் மாண்டார்.

அதே 1948-இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த ராபர்ட், 1951-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு எத்தலை மணந்திருந்தார். இத்தம்பதியருக்குப் பதினொரு பிள்ளைகள். அவர்களில் கடைசிப் பிள்ளை தந்தையின் முகத்தைப் பார்க்காமலேயே பிறந்தது என்பது பின்னால் வரும் கதை.

கரடுமுரடான தொடக்கம்

இளம் வழக்கறிஞராக ராபர்ட் கென்னடி முதலில் பணியாற்றியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி! கம்யூனிஸ்டு என்ற ஐயத்தைக் கிளப்பியே பலருடைய வாழ்க்கையைச் சிதைத்தவர் என்று வரலாறு பதிவு செய்திருக்கும் அதே மெக்கார்த்திதான். 1953-இல் அவருடைய விசாரணைக் குழுவில் துணை வழக்கறிஞராகச் சேர்ந்த ராபர்ட், சில மாதங்களிலேயே விலகினார். மறு ஆண்டு அதே குழுவில் எதிர்த்தரப்பினரின் வழக்கறிஞராகத் திரும்பி வந்து, மெக்கார்த்தியின் போக்கைக் கண்டிக்கும் பணியில் ஈடுபட்டார். ஆயினும், அந்தச் சில மாதங்கள் அவர் மீது ஒரு கறையாகவே நீண்ட காலம் இருந்தன.

1957 முதல் தொழிற்சங்கங்களில் நடந்த ஊழல்களை விசாரித்த செனட் குழுவின் தலைமை வழக்கறிஞராக இருந்தார். ஜிம்மி ஹோஃபா என்ற தொழிற்சங்கத் தலைவரை அவர் விடாமல் துரத்திய விதம் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. இரக்கமற்றவர், பிடிவாதக்காரர் என்ற பெயரும் அப்போது அவருடன் ஒட்டிக்கொண்டது. 1960-இல் அண்ணன் ஜான் எஃப். கென்னடி அதிபர் தேர்தலில் நின்றபோது, பிரச்சாரத்தின் முழுப் பொறுப்பையும் தம்பியே சுமந்தார். அண்ணன் புன்னகைப்பதற்காகவும் தம்பி மற்றவர்களைக் கடிந்துகொள்வதற்காகவும் இருந்தார்கள் எனலாம். வெற்றி கிடைத்தது. 35 வயதில் ராபர்ட் அமெரிக்காவின் சட்டத்துறைத் தலைவரானார்.

வெறுப்பை நேரில் பார்த்த ஆண்டுகள்

அக்காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் தனிப் பள்ளிகளிலும் தனிக் காத்திருப்பு அறைகளிலும் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். 1961 மே மாதம் கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஒன்றாகப் பேருந்தில் அமர்ந்து தெற்கு நோக்கிப் பயணம் செய்தனர். சுதந்திரப் பயணிகள் என்று அழைக்கப்பட்ட அவர்களுடைய பேருந்து ஒன்று மே 14-ஆம் நாள் அலபாமாவின் ஆனிஸ்டன் அருகே கொளுத்தப்பட்டது. மே 20-ஆம் நாள் மோன்ட்கோமரி நகரில் ஒரு கும்பல் பயணிகளை அடித்து நொறுக்கியது. ராபர்ட் கென்னடி அனுப்பி வைத்த அவருடைய உதவியாளரே மண்டையில் அடிபட்டு நினைவிழந்து கிடந்தார்.

மறுநாள் இரவு மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய தேவாலயத்தை வெறிபிடித்த கும்பல் சூழ்ந்துகொண்டது. உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். ராபர்ட் மத்திய அரசாங்கக் காவலர்களை அனுப்பிக் காப்பாற்றினார். ஆனால், அத்துடன் அவர் செய்த இன்னொன்றையும் நாம் மறைக்கக் கூடாது. சற்று நிறுத்தி வையுங்கள், சூடு தணியட்டும் என்று அவர் பயணிகளைத்தான் கேட்டுக்கொண்டார்! அடித்தவனிடம் சொல்ல வேண்டியதை அடிபட்டவனிடம் சொன்ன கதைதான் இது. பயணிகள் மறுத்துவிட்டனர். அவர்கள் மறுத்ததால்தான், பேருந்து நிலையங்களில் நிற ஒதுக்கலை நீக்கும் ஆணை அவ்வாண்டு நவம்பரில் நடப்புக்கு வந்தது. அந்த ஆணையைக் கேட்டு மனுச் செய்தவர் ராபர்ட் கென்னடிதான் என்பதும் குறிப்பிடத்தக்கது.

1962-இல் மற்றொரு பாடம் காத்திருந்தது. ஜேம்ஸ் மெரடித் என்ற கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர முயன்றார். நீதிமன்றம் அவர் பக்கம். ஆனால், மாநில ஆளுநர் ரோஸ் பார்னெட் பொதுமேடையில் ஒருபோதும் பணியமாட்டேன் என்று முழங்கினார். அதே ஆளுநர் தொலைபேசியில் ராபர்ட் கென்னடியிடம் இரகசியமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். தமக்கு மானக்கேடு வராமல் எப்படிப் பணிவது என்பதே அவருடைய கவலை. மேடையில் பேசிய பேச்சைக் கேட்ட கூட்டத்திற்குத் தொலைபேசிப் பேச்சு தெரியாதல்லவா? செப்டம்பர் 30-ஆம் நாள் இரவு பல்கலைக்கழக வளாகம் போர்க்களமாயிற்று. சட்டத்தை மதியுங்கள் என்று அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அங்கே கலவரம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. இருவர் உயிரிழந்தனர். நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட மத்தியக் காவலர்கள் காயமுற்றனர். இராணுவம் வந்த பிறகே அமைதி திரும்பியது. மெரடித் மறுநாள் தம் பெயரைப் பதிந்துகொண்டார். ஒரு மாணவர் வகுப்புக்குள் நுழைவதற்கு இத்தனை இரத்தம்!

1963 மே மாதம் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் ஏற்பாட்டில் கறுப்பினக் கலைஞர்களையும் போராளிகளையும் ராபர்ட் நியூயார்க்கில் சந்தித்தார். அரசாங்கம் செய்தவற்றை அவர் பட்டியலிட்டார். அவர்களோ கோபத்தைக் கொட்டினர். இந்த நாட்டுக்காகப் போரிட மாட்டேன் என்று அடிபட்ட இளம் போராளி ஒருவர் சொன்னபோது ராபர்ட் அதிர்ந்துபோனார். கோபத்துடன் வீடு திரும்பினார். ஆனால், தாமே அந்த இளைஞரின் இடத்தில் இருந்திருந்தால் எப்படி உணர்ந்திருப்போம் என்ற எண்ணம் மெல்ல அவருக்குள் இறங்கியது. அடுத்த மாதம் 11-ஆம் நாள் அதிபர் கென்னடி குடியுரிமைச் சட்டத்தை அறிவித்துத் தொலைக்காட்சியில் உரையாற்றினார். அவ்வாறு பேசும்படி வலியுறுத்தியவர்களில் முதன்மையானவர் தம்பி ராபர்ட்.

இத்தனைக்கும் பிறகு, அதே 1963 அக்டோபரில், மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கப் புலனாய்வுத் துறைக்கு அனுமதி வழங்கிக் கையொப்பமிட்டவரும் இதே ராபர்ட் கென்னடிதான். கிங்கின் நண்பர்களில் கம்யூனிஸ்டுகள் உள்ளனர் என்று புலனாய்வுத் துறைத் தலைவர் ஹூவர் கொடுத்த நெருக்குதலுக்கு அவர் இணங்கினார். இந்தக் கையொப்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பின்னால் வரும் இரவைப் பார்க்க வேண்டும். தாம் ஐயுற்ற மனிதரின் மரணத்தைத்தான் அவர் அறிவிக்க வேண்டியிருந்தது.

அண்ணனை இழந்த தம்பி

1963 நவம்பர் 22. டல்லாஸ் நகரில் அதிபர் ஜான் எஃப். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ராபர்ட்டின் வாழ்க்கை அன்றோடு இரண்டாகப் பிளந்தது. பல மாதங்கள் அவர் நிழலைப் போல் நடமாடினார். உடல் மெலிந்தது. அண்ணி ஜாக்குலின் கொடுத்த நூல் ஒன்றின் வழியாக அவர் பண்டைய கிரேக்க நாடகாசிரியர்களைப் படிக்கத் தொடங்கினார். துன்பத்திலிருந்து மனிதன் எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு அவர் அங்கே விடை தேடினார். அவர்களுள் ஈஸ்கிலஸ் என்பவரின் வரிகள் அவருக்கு மனப்பாடமாயின. படிப்பு என்பது தேர்வுக்கு மட்டுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தத் துயர நாள்களில்தான் ராபர்ட் கென்னடி நம் கோலாலம்பூருக்கும் வந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் கொன்ஃப்ரன்டாசி என்று படித்தோமே, அக்காலகட்டம் அது. மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ மோதலைத் தொடங்கியிருந்தார். அமெரிக்காவின் புதிய அதிபர் லின்டன் ஜான்சன் 1964 ஜனவரியில் ராபர்ட்டைத் தூதராக அனுப்பினார். தோக்கியோவில் சுகர்ணோவைச் சந்தித்த அவர், பின்னர் கோலாலம்பூர் வந்து பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானைச் சந்தித்தார். அங்கிருந்து ஜகார்த்தா சென்றார். போர்நிறுத்தமும் அறிவிக்கப்பட்டது. ஆனால், அது நிலைக்கவில்லை; 1966 ஆகஸ்டில்தான் மோதல் முறையாக முடிவுக்கு வந்தது. எனினும், அண்ணனைப் புதைத்து இரண்டே மாதங்கள் ஆகியிருந்த ஒருவர், துப்பாக்கிகளை இறக்கி வையுங்கள் என்று கேட்பதற்காக நம் மண்ணில் கால் பதித்தார் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

மக்களிடம் சென்ற செனட்டர்

1964 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் செனட்டராக ராபர்ட் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன்பின் நாம் பார்ப்பது வேறொரு மனிதரை. 1966 மார்ச்சில் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை நேரில் கண்டு, அவர்களுடைய தலைவர் சீசர் சாவேஸுக்கு ஆதரவு தெரிவித்தார். தோட்டப்புற வாழ்க்கையில் வேர்விட்ட நம் சமுதாயத்துக்கு அந்தத் தொழிலாளர்களின் நிலையை விளக்கத் தேவையில்லை. 1966 ஜூனில் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு மாணவர் சங்கத்தின் அழைப்பை ஏற்றுச் சென்றார். அழைத்த மாணவர் தலைவருக்கே அரசாங்கம் தடை விதித்திருந்தது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடையே பேசியபோது, அநீதிக்கு எதிராகத் தனி ஒருவர் செய்யும் சிறு செயலும் வீண்போகாது என்பதை அவர் வலியுறுத்தினார். வீட்டுப் பகுதியை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டிருந்த நோபல் பரிசாளர் ஆல்பர்ட் லுத்துலியையும் நேரில் சென்று கண்டார்.

1967 ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியின் குடிசைகளுக்குள் நுழைந்து, பசியால் வாடிய குழந்தைகளைப் பார்த்தார். உலகின் செல்வம் மிகுந்த நாட்டிலா இது என்று அவர் கலங்கினார். வெறுப்பு மேடைகளில் மட்டும் வளர்வதில்லை, வெறும் வயிற்றிலும் வளர்கிறது என்ற புரிதல் அவருக்கு இப்பயணங்களில்தான் வந்தது எனலாம்.

1968 மார்ச் 16-ஆம் நாள் அதிபர் பதவிக்குப் போட்டியிடப் போவதாக அறிவித்தார். வியட்நாம் போர் நாட்டைக் கிழித்துக்கொண்டிருந்த நேரம். மார்ச் 31-இல் அதிபர் ஜான்சன் தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். நான்கே நாள்களில் மற்றோர் இடி விழுந்தது.

அந்த இரவு

ஏப்ரல் 4-ஆம் நாள் மாலை மார்ட்டின் லூதர் கிங் மெம்பிஸ் நகரில் தங்கியிருந்த விடுதியின் மாடத்தில் சுடப்பட்டார். துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கவே அவர் அந்நகருக்குச் சென்றிருந்தார். இண்டியானா மாநிலத்தில் பிரச்சாரம் செய்துகொண்டிருந்த ராபர்ட், மன்சி என்ற ஊரிலிருந்து விமானம் ஏறும்போது கிங் சுடப்பட்டதை அறிந்தார். இண்டியானாபோலிசில் இறங்கியபோது கிங் இறந்துவிட்டார் என்ற செய்தி காத்திருந்தது.

அன்றிரவு அவர் பேச வேண்டிய இடம் கறுப்பின மக்கள் நெருங்கி வாழும் பகுதி. போக வேண்டாம் என்று காவல் துறையினர் எச்சரித்தனர். உடன் வந்த காவலர்களும் அப்பகுதிக்குள் நுழையவில்லை. அவரோ பயணத்தைக் கைவிடவில்லை. குளிரும் தூறலுமான இரவில் ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் காத்திருந்தனர். தேர்தல் கூட்டமாகையால் பதாகைகள் உயர்ந்திருந்தன. கிங் இறந்த செய்தி அவர்களில் பலருக்கு இன்னும் எட்டவில்லை.

உதவியாளர்கள் அவசரமாகத் தயாரித்த குறிப்புகளை அவர் பயன்படுத்தவில்லை. முதலில் பதாகைகளை இறக்கச் சொன்னார். பின்னர்ச் சுற்றி வளைக்காமல் செய்தியைச் சொன்னார். கூட்டத்திலிருந்து எழுந்த அலறல் அன்று பதிவான ஒலிநாடாவில் உள்ளது. கேட்பவர் நெஞ்சை அது இன்றும் உலுக்கும்.

அடுத்து அவர் பேசியதைச் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அமைதி காக்கும்படி அவர் ஆணையிடவில்லை. கலவரம் செய்தால் சுடுவோம் என்று மிரட்டவும் இல்லை. கொலையாளி வெள்ளையராக இருக்கலாம் என்ற சான்றை மூடி மறைக்கவுமில்லை. உங்களுக்குக் கசப்பும் வெறுப்பும் பழிவாங்கும் எண்ணமும் வருவது இயல்பே என்று அவர்களுடைய கோபத்துக்கு முதலில் இடம் கொடுத்தார். அந்த வழியில் போனால் இரு இனங்களும் ஒன்றையொன்று வெறுத்துப் பிரிந்து நிற்கும் என்றார். கிங் முயன்றதைப் போலப் புரிந்துகொள்ள முயலும் வழியும் உண்டு என்றார். அதன்பின், பொதுக்கூட்டங்களில் அரிதாகவே பேசிய ஒன்றைச் சொன்னார். தம் குடும்பத்திலும் ஒருவர் கொல்லப்பட்டார், அவரைக் கொன்றவனும் ஒரு வெள்ளையனே என்றார். அண்ணனின் மரணத்தைப் பற்றி நான்கரை ஆண்டுகளாக மேடையில் அரிதாகவே வாய் திறந்தவர், அந்தக் காயத்தை அறிமுகமில்லாத மக்கள் முன் அன்று திறந்து காட்டினார்.

தொடர்ந்து, துயர நாள்களில் தமக்குத் துணையாக இருந்த ஈஸ்கிலஸின் அகமெம்னான் நாடக வரிகளை மனப்பாடமாகச் சொன்னார். நாட்டுக்குத் தேவை பிரிவினையும் வன்முறையும் அல்ல, அன்பும் நீதியுமே என்றார். வீட்டுக்குத் திரும்பிச் சென்று கிங்கின் குடும்பத்துக்காகவும் நாட்டுக்காகவும் பிரார்த்தனை செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு இறங்கினார். ஓட்டுக் கேட்கவில்லை. தம் கட்சியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

கூட்டம் அழுதுகொண்டே கலைந்தது. அன்றிரவே கென்னடி கிங்கின் துணைவியார் கொரெட்டாவுடன் தொலைபேசியில் பேசி, கிங்கின் உடலைக் கொண்டுவர விமானம் ஏற்பாடு செய்து கொடுத்தார். விடுதிக்குத் திரும்பிய பின் உள்ளூர்க் கறுப்பினத் தலைவர்களையும் சந்தித்தார். அவர்களுடைய கோபத்தையும் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

மற்றவர்கள் என்ன செய்தனர்?

அடுத்த சில நாள்களில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலவரம் வெடித்தது. ஏறத்தாழ நாற்பது பேர் உயிரிழந்தனர். வாஷிங்டன், சிகாகோ, பால்டிமோர் ஆகிய நகரங்கள் பற்றி எரிந்தன. இண்டியானாபோலிஸ் அமைதியாக இருந்தது.

அதே நாள்களில் மற்றத் தலைவர்கள் எப்படி நடந்துகொண்டனர் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. நியூயார்க் மாநகர முதல்வர் ஜான் லின்ட்சே அன்றிரவே ஹார்லம் பகுதிக்குச் சென்று மக்களோடு தெருவில் நடந்தார். சிகாகோ மாநகர முதல்வர் ரிச்சர்ட் டேலியோ, தீ வைப்போரைக் கொல்லும்படியும் கொள்ளையடிப்போரை முடமாக்கும்படியும் சுட உத்தரவிட்டதாகச் செய்தியாளர்களிடம் கூறினார். மேரிலாண்ட் ஆளுநர் ஸ்பைரோ அக்னியூ, கலவரத்தை அடக்கப் பாடுபட்ட மிதவாதக் கறுப்பினத் தலைவர்களையே அழைத்து வைத்துக் கண்டித்தார். அவர்களில் பலர் பாதியில் எழுந்து வெளியேறினர். அதே அக்னியூ சில மாதங்களில் துணை அதிபர் வேட்பாளராக உயர்ந்தார் என்பது அரசியலின் கசப்பான உண்மை. கறுப்பினத்தார் பக்கத்திலும் ஸ்டோக்லி கார்மைக்கேல் போன்றோர் பதிலடிக்குத் துப்பாக்கி ஏந்தும்படி அழைத்தனர். கடுமையான பேச்சுக்கு எப்போதும் கைதட்டல் உண்டு. அதன் விலையைக் கைதட்டியவர்கள் கொடுப்பதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஆறு நிமிடப் பேச்சு ஒரு நகரத்தையே காப்பாற்றிவிட்டதா? அப்படிச் சொல்வது மிகையாகும். அவ்வூரில் வாழ்ந்த கறுப்பின மக்களின் பொறுமையையும் உள்ளூர்த் தலைவர்களின் உழைப்பையும் நாம் மறந்துவிடக் கூடாது. கென்னடி விமானம் ஏறிச் சென்றுவிடுவார்; அவர்களோ அங்கேயே வாழ வேண்டியவர்கள். அமைதியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அம்மக்கள்தாம். தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ளவர்களாக அவர்களை மதித்துப் பேசியதே கென்னடி செய்த காரியம்.

மறுநாள் ஏப்ரல் 5-இல் அவர் பிரச்சாரத்தை நிறுத்தி, ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த ஒரே கூட்டத்தில், கிளீவ்லாண்ட் நகரில், வன்முறையைப் பற்றி மட்டுமே பேசினார். துப்பாக்கியின் வன்முறையைக் கண்டித்த கையோடு, மெதுவாகக் கொல்லும் மற்றொரு வன்முறையும் உண்டு என்றார். பசி, புத்தகமில்லாப் பள்ளி, குளிர்காலத்தில் கதகதப்பில்லாத வீடு, தோலின் நிறத்தைப் பார்த்து மனிதனை ஒதுக்கும் அமைப்பு ஆகியவையே அந்த வன்முறை. முதல் நாள் ஆறுதல், மறுநாள் காரணம். இந்த வரிசை முக்கியமானது. இழவு வீட்டில் முதலில் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கணக்கைப் பிறகு பேசலாம் என்று நம் பாட்டிமார்கள் அறிந்து வைத்திருந்த பண்புதான் அது. ஏப்ரல் 7-இல் வாஷிங்டனின் எரிந்த தெருக்களில் நடந்தார். ஏப்ரல் 9-இல் அட்லாண்டாவில் கிங்கின் இறுதி ஊர்வலத்தில் கலந்துகொண்டார்.

இறுதிப் பயணம்

மே 7-இல் இண்டியானா மாநிலத் தேர்தலில் வென்றார். மே 28-இல் ஓரிகனில் தோற்றார். ஜூன் 4-இல் கலிபோர்னியாவில் வென்றார். வெற்றி உரையாற்றிவிட்டு, லாஸ் ஏஞ்சலிஸ் அம்பாசடர் ஹோட்டலின் சமையற்கட்டு வழியாகச் சென்றபோது, நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில் 24 வயது இளைஞன் ஒருவன் அவரைச் சுட்டான். எருசலேமில் பிறந்த அவன், கென்னடி இஸ்ரேலுக்கு அளித்த ஆதரவின் மீது கொண்ட வெறுப்பால் அச்செயலைச் செய்தான். தரையில் சாய்ந்த கென்னடியின் தலையைத் தாங்கிப் பிடித்தவர் அங்குப் பணிபுரிந்த பதினேழு வயது உதவிப் பையன். சற்று முன்பு அந்தப் பையனின் கையைத்தான் அவர் குலுக்கிக்கொண்டிருந்தார்.

1968 ஜூன் 6-ஆம் நாள் ராபர்ட் கென்னடியின் உயிர் பிரிந்தது. வயது 42. கிங் மறைந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. ஜூன் 8-ஆம் நாள் அவரது உடலைச் சுமந்த இரயில் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் நோக்கிச் சென்றபோது, தண்டவாளத்தின் இரு மருங்கிலும் இலட்சக்கணக்கானோர் நின்றனர். கறுப்பினத்தார், வெள்ளையர், சீருடையணிந்தவர், குழந்தையைத் தோளில் தூக்கி வைத்தவர் எனப் பலர். அன்றிரவு ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் அண்ணனின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பதினோராவது பிள்ளை அவ்வாண்டு டிசம்பரில் பிறந்தது.

நமக்குரிய பாடம்

அவர் பேசிய இடம் இன்று கிங்கின் பெயரைத் தாங்கிய பூங்காவாக உள்ளது. அங்கே கிங்கும் கென்னடியும் ஒருவரை நோக்கி ஒருவர் கை நீட்டுவது போன்ற நினைவுச் சின்னம் 1995-இல் திறந்து வைக்கப்பட்டது. ஒட்டுக்கேட்கக் கையொப்பமிட்ட கையும் அதுதான். நீண்ட கையும் அதுதான். மனிதன் மாறக்கூடியவன் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை.

1968-க்கு மறு ஆண்டு, மே 13-இல், நம் நாடும் இரத்தம் சிந்தியது. அந்த நாள்களின் ஊரடங்கையும் வதந்திகளையும் நம் தாத்தா பாட்டியர் இன்னமும் குரலைத் தாழ்த்தியே பேசுகின்றனர். பல இனங்கள் சேர்ந்து வாழும் நாட்டில் ஒரு தலைவரின் சொல்லுக்கு எத்தனை எடை உண்டு என்பதை நமக்கு வேறு எவரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டபோது, அந்நாட்டின் அன்றைய பிரதமர் ஜசிண்டா ஆர்டெர்ன் கொலையாளியின் பெயரை உச்சரிக்க மறுத்து, இறந்தவர்களின் குடும்பத்தாரை முதலில் சென்று அணைத்துக்கொண்டதையும் உலகம் கண்டது. ஐம்பது ஆண்டுகள் இடைவெளியில் நடந்த இரண்டிலும் ஒரே இயல்பைக் காண்கிறோம். பாதிக்கப்பட்டவரிடம் முதலில் போக வேண்டும். உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இழப்பை ஓட்டாக மாற்ற முயலக் கூடாது.

பட்டம் பெற்று வெளியேறும் நாம் எல்லாரும் அரசியல் தலைவர்களாகப் போவதில்லை. ஆனால், ஆசிரியராக வகுப்பின் முன்னும், அதிகாரியாக ஊழியர்களின் முன்னும், மன்றத் தலைவராக மேடையின் மீதும் நம்மில் பலர் நிற்கப் போகிறோம். ஓர் இனத்தை இழிவாகப் பேசிய செய்தி ஒன்று பரவி, கூடியிருப்பவர்கள் கொதித்துப்போய் நம் முகத்தைப் பார்க்கும் நாள் என்றாவது வரும். அன்று என்ன சொல்வது என்பதை அன்றைக்கு யோசிக்க முடியாது. ராபர்ட் கென்னடிக்கு அந்த ஆறு நிமிடங்களுக்கான தயாரிப்பு, அடிபட்டவர்களின் கோபத்தைக் கேட்ட நாள்களிலும், குடிசைக்குள் குனிந்து நுழைந்த நாள்களிலும், துயரத்தோடு புத்தகத்தைப் புரட்டிய இரவுகளிலும் நடந்தது. நாமும் இன்றே கேட்கத் தொடங்குவோம், படிக்கத் தொடங்குவோம்.